பிரா சைஸை வீட்டிலேயே அளந்து கண்டுபிடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெண்களுக்கான உள்ளாடைக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு எண்ணை மட்டும் சொல்வார்கள், அதுவும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காத குரலில்: "36 கொடுங்கக்கா." யார் அளந்தது என்று கேட்டால் யாருமே அளந்திருக்க மாட்டார்கள். காலேஜ் போகும்போது அம்மா வாங்கித் தந்த சைஸ், இல்லாவிட்டால் ஜாக்கெட் டெய்லர் சொன்ன அளவு. அதற்குப் பிறகு கல்யாணம், இரண்டு பிரசவம், பத்துப் பதினைந்து கிலோ எடை எல்லாம் வந்து போயிருக்கும், எண் மட்டும் அப்படியே நிற்கும். கடையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் ஜாக்கெட் அளவு 36. பிராவும் 36 தானே?

இல்லை. குழப்பத்துக்கெல்லாம் ஆரம்பம் இந்த இடம்தான். டெய்லர் சொல்லும் 36, மார்பின் எடுப்பான பகுதியைச் சுற்றி வரும் முழு அளவு. பிரா லேபிளில் இருக்கும் 36, மார்புக்குக் கீழே விலாவைச் சுற்றி ஓடும் பட்டியின் எண். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

ஜாக்கெட் அளவு 36 உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஒல்லி, மார்புக்குக் கீழே 27 இஞ்சு. அவருக்கு 32 டி வரும் (எண் பட்டிக்கு, எழுத்து கப்புக்கு; எழுத்துக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன்). இன்னொருவருக்குக் கீழே 30 இஞ்சு. அவருக்கு 34 பி. இரண்டு பேரும் கடைக்கு வந்து 36 கேட்டால் இரண்டு பேருக்குமே தப்பான பிராதான் போய்ச் சேரும்.

அளக்க என்னென்ன வேண்டும்? எப்படி அளப்பது?

டெய்லர் வைத்திருக்கும் துணி டேப், ஒரு கண்ணாடி, ஒரு துண்டுத்தாள், பேனா. டேப் ரொம்பப் பழையதாக இருந்தால் ஒரு ஸ்கேலோடு ஒட்டிப் பாருங்கள். நாள்பட்ட டேப் இழுபட்டு நீண்டிருக்கும், 30 காட்ட வேண்டிய இடத்தில் 29தான் காட்டும்.

பேடு இல்லாத, சாதாரண மெல்லிய பிரா போட்டுக்கொண்டு அளக்கலாம். எதுவும் போடாமல் அளந்தாலும் சரிதான். நைட்டி மேலேயோ சுடிதார் மேலேயோ அளக்காதீர்கள்.

முதலில் கீழ்ச் சுற்று. மார்பு முடிந்து விலா தொடங்கும் மடிப்புக்கு ஒட்டிக் கீழே டேப்பைச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் இறங்கியிருக்கிறதா, ஏறியிருக்கிறதா என்று கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, டேப் உடம்போடு இறுக்கமாகப் படியும் அளவுக்கு இழுத்து எண்ணைப் பாருங்கள். வலிக்கக் கூடாது, ஆனால் டேப் தானாகக் கீழே நழுவவும் கூடாது. இஞ்சிலும் சென்டிமீட்டரிலும் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். சென்டிமீட்டர் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது மேல் சுற்று. மார்பு எங்கே அதிகம் எடுப்பாக இருக்கிறதோ அங்கே டேப்பைச் சுற்றுங்கள். இதை இறுக்கக் கூடாது, சதை அமுங்காமல் டேப் சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு சாதாரணமாக மூச்சு விடுங்கள். நெஞ்சை நிமிர்த்திப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றால் அளவு கூடிவிடும்.

மார்பு தளர்ந்து தொங்கலாக இருப்பவர்களுக்கு நின்றபடி எடுத்த மேல் சுற்று குறைவாகவே காட்டும். அவர்கள் இடுப்பை மடக்கி, மேசைமேல் குனிகிற மாதிரி குனிந்து இன்னொரு முறை அளந்து, இரண்டு அளவுக்கும் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம்.

டேப்பே இல்லையே?

உள்பாவாடை நாடா போதும். சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் குறி வைத்து, ஸ்கேலில் வைத்து அளந்துவிடுங்கள். எலாஸ்டிக், துப்பட்டா மாதிரி இழுபடும் எதையும் எடுக்காதீர்கள். கொத்தனாரின் இரும்பு டேப் வேண்டவே வேண்டாம். ஒரு அம்மா அதில் அளந்துவிட்டு வந்து விலாவில் கீறலைக் காட்டினார்.

கீழே 30 இஞ்சு வந்தது. அப்படியானால் 30 சைஸா?

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிராவில் 34. இங்கே வழக்கத்தில் இருக்கும் கணக்கு இதுதான்: கீழ்ச் சுற்று இரட்டைப்படையாக வந்தால் 4 கூட்டுங்கள், ஒற்றைப்படையாக வந்தால் 5 கூட்டுங்கள். 29 வந்தாலும் 30 வந்தாலும் 34. 31 அல்லது 32 வந்தால் 36.

இந்தக் கூட்டல் குழப்பமாக இருக்கலாம். அதைவிட நல்ல வழி ஒன்று லேபிளிலேயே இருக்கிறது. நிறைய பிராக்களில் 34 என்பதற்குப் பக்கத்தில் சின்னதாக 75 என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது ஐரோப்பிய எண், சென்டிமீட்டரில் உங்கள் கீழ்ச் சுற்று. கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. கீழ்ச் சுற்று 68 முதல் 72 சென்டிமீட்டர் வரை என்றால் 70, அதாவது நம் 32. 73 முதல் 77 வரை 75, நம் 34. 78 முதல் 82 வரை 80, நம் 36. 83 முதல் 87 வரை 85, நம் 38. 88 முதல் 92 வரை 90, நம் 40. நான் கடையில் இப்போது சென்டிமீட்டரில்தான் பார்க்கிறேன், தகராறே வருவதில்லை. ஒரு எச்சரிக்கை: சில லேபிளில் மூன்றாவதாகப் பிரெஞ்சு எண்ணும் இருக்கும், அது இதைவிட 15 கூடுதல். 34க்குப் பக்கத்தில் 90 என்று பார்த்தால் பயப்படாதீர்கள், அது பிரான்ஸ் கணக்கு.

நெட்டில் பார்த்த கணக்கில் எனக்கு 30 எஃப் வந்தது. உங்கள் கணக்கில் 34 சி வருகிறது. எது சரி?

நெட்டில் இருப்பது 4 கூட்டாத கணக்கு. கீழ்ச் சுற்று 30 என்றால் பட்டியும் 30தான் என்று எடுத்துக்கொண்டு, மேல் சுற்றிலிருந்து அந்த 30ஐக் கழிப்பார்கள். வித்தியாசம் பெரிதாக வரும், எழுத்தும் தூரமாகப் போகும். நன்றாக இழுபடும் பட்டி, எழுத்தில் நிறைய வகை என்று தைக்கும் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு அது பலருக்கும் பொருந்துகிறது. நம் பஜாரில் போய் 30 எஃப் கேட்டால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

அந்தக் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான உடம்பு, பெரிய மார்பு உள்ளவர்களுக்கு 4 கூட்டினால் பட்டி லொடலொட என்று வரும். அவர்கள் ஒரு எண் இறங்கி ஒரு எழுத்து ஏறிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு முறையில் பட்டியும் இன்னொரு முறையில் கப்பும் எடுக்காதீர்கள். இரண்டையும் கலந்தால் 34 எஃப் மாதிரி ஏதாவது வந்து நிற்கும்.

ஏ, பி, சி, டி என்றால் என்ன? டி என்றால் ரொம்பப் பெரிசா?

மேல் சுற்றிலிருந்து பட்டி எண்ணைக் கழியுங்கள். 1 இஞ்சு வித்தியாசம் என்றால் ஏ, 2 என்றால் பி, 3 என்றால் சி, 4 என்றால் டி. ஒன்றுமே வித்தியாசம் இல்லாவிட்டால் ஏஏ. 5 என்றால் சில கம்பெனியில் டிடி, சில கம்பெனியில் ஈ. அரை இஞ்சு மிச்சம் நின்றால் மேலே உள்ள எழுத்தை எடுங்கள்.

என் நாத்தனாரை உதாரணம் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். கீழ்ச் சுற்று 30, மேல் சுற்று 36½. பட்டி 34. 36½இல் 34 போனால் இரண்டரை, ஆக 34 சி. அவர் எட்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தது 38 பி. "கப் பத்தலை, அதனால பெரிய சைஸ் எடுத்தேன்" என்றார். கப் பத்தாதபோது எழுத்தை ஏற்றாமல் எண்ணை ஏற்றியிருக்கிறார். கடைக்காரர் யாரும் எழுத்தைப் பற்றிச் சொன்னதில்லை. 34, 36, 38 என்று எண் ஏற ஏறப் பட்டி தளர்ந்து, முதுகில் தோள்பட்டை எலும்பு வரைக்கும் ஏறிவிட்டது.

டி என்றாலே பெரிது என்பது ஒரு கட்டுக்கதை. எழுத்து தனியாக எதையும் சொல்லாது. 32 டியில் இருக்கும் கப்பும் 34 சியில் இருக்கும் கப்பும் 36 பியில் இருக்கும் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு. மார்பின் அளவுக்கு எழுத்து வைக்கும் வழக்கம் 1932இல் அமெரிக்காவில் எஸ்.எச். கேம்ப் என்ற கம்பெனியிலிருந்து வந்தது. அப்போது ஏ முதல் டி வரை நான்கே எழுத்து. டி என்றால் கடைசி என்ற எண்ணம் ஒருவேளை அதனால்கூட இருக்கலாம்.

இந்த ஒரே கொள்ளளவு விஷயம் கடையில் ரொம்ப உதவும். 34 சி பிடித்திருக்கிறது, ஆனால் பட்டி கொஞ்சம் தளர்வு என்றால் 32 டி கேளுங்கள். பட்டி இறுக்கம் என்றால் 36 பி.

என் கடையில் எழுத்தே இல்லை. "34 இருக்கு, 36 இருக்கு" என்கிறார்கள்.

எழுத்து போடாத சாதாரணக் காட்டன் பிராக்கள் பெரும்பாலும் பி கப் கணக்கில்தான் தைக்கப்படுகின்றன. உங்களுக்கு ஏ அல்லது பி என்றால் அதில் ஓட்டிவிடலாம். சி, டி என்றால் அங்கே உங்கள் அளவே இல்லை என்று அர்த்தம். எண்ணை ஏற்றி வாங்கி என் நாத்தனார் மாதிரி ஆகாதீர்கள். எழுத்து போட்டு விற்கும் கடையைத் தேடுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆறு வாங்கும் காசில் மூன்று வாங்கினாலும் அந்த மூன்றும் உடம்பில் நிற்கும்.

ஆண்கள் இருக்கும் கடையில் கேட்கக் கூச்சமாக இருந்தால் ஒரு சீட்டில் "34 சி, பேடு வேண்டாம், காட்டன்" என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். எண்ணும் எழுத்தும் கையில் இருந்தால் பேச்சே குறைந்துவிடும்.

போட்டுப் பார்த்து சரியா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டேப் காட்டும் எண் ஆரம்பம்தான். தீர்ப்பு சொல்வது கண்ணாடி.

பட்டியை மட்டும் தனியாகச் சோதிக்க ஒரு வழி உண்டு. பிராவை முன்பின்னாகத் திருப்பி, கப் முதுகுப் பக்கமும் கொக்கி முன்பக்கமும் வருகிற மாதிரி மாட்டுங்கள். இப்போது மார்பு குறுக்கே வராததால் விலாவுக்கு அந்தப் பட்டி பொருந்துகிறதா என்பது மட்டும் தெரியும். இரண்டு விரல் நுழைந்தால் சரி. முழுக் கை நுழைந்தால் பெரிது. இப்படிப் போடும்போது இறுக்கமில்லாமல், சரியாகப் போட்டால் மட்டும் மூச்சு முட்டுகிறது என்றால் பட்டிமேல் தப்பில்லை, கப்தான் சின்னது. இதைச் செய்து காட்டியதும் "அப்போ இத்தனை நாளா…" என்று இழுக்காத ஆளை நான் பார்த்ததில்லை.

புது பிராவைக் கடைசி வரிசைக் கொக்கியில், அதாவது அதிகம் தளர்வாக இருக்கும் வரிசையில் மாட்டிப் பாருங்கள். நாளாக நாளாக எலாஸ்டிக் தளரும். அப்போது உள்ளே உள்ள வரிசைக்கு ஒவ்வொன்றாகப் போகலாம். வாங்கும்போதே உள் வரிசையில்தான் நிற்கிறது என்றால் பெரிது.

மாட்டியதும் லேசாகக் குனிந்து, கையை உள்ளே விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கியிருக்கும் சதையை முன்னால் அள்ளிக் கப்புக்குள் வையுங்கள். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. அக்குளில் பிதுங்குவதைக் கொழுப்பு என்று நினைத்துக் கவலைப்படுவார்கள், பாதி நேரம் அது மார்புதான். அள்ளி வைத்த பிறகு கப்பின் மேல் விளிம்பில் சதை பிதுங்கி, ஒரு மார்பு இரண்டாகத் தெரிந்தால் ஒரு எழுத்து ஏறுங்கள். துணி சுருங்கி உள்ளே காலியாக இருந்தால் ஒரு எழுத்து இறங்குங்கள். கம்பி வைத்த பிராவானால் நடுவில் இருக்கும் துண்டு நெஞ்செலும்போடு படிய வேண்டும், கம்பி மார்புச் சதைமேல் ஏறி உட்காரக் கூடாது. கம்பி இல்லாத காட்டன் பிராவில் நடுத்துண்டு அவ்வளவு படியாது, அதை விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கொடியில் துணி காயப்போடுகிற மாதிரி இரண்டு கையையும் தூக்குங்கள். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையை மட்டும் தூக்குங்கள். கீழ்ப்பட்டி கிளம்பி மார்புமேல் ஏறினால் பட்டி பெரிது.

ஸ்ட்ராப் தோளில் பள்ளம் போடுகிறது. ஸ்ட்ராப் அகலமாக வாங்கினால் போதுமா?

தாங்கும் வேலையைச் செய்ய வேண்டியது பட்டி. அது தளர்ந்திருந்தால் சுமை முழுவதும் தோளுக்கு வரும், நீங்களும் ஸ்ட்ராப்பை இழுத்து இழுத்துச் சுருக்குவீர்கள். அப்படிச் சுருக்கினால் பட்டி பின்னால் இன்னும் மேலே ஏறும். பட்டியைச் சரி செய்துவிட்டு ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள், ஸ்ட்ராப்புக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். கனமான மார்பு உள்ளவர்களுக்கு அகல ஸ்ட்ராப் நல்லதுதான், ஆனால் பட்டிக்குப் பிறகுதான் அது.

ஒரு பக்கம் பெரிதாக இருக்கிறதே?

அநேகமாக எல்லோருக்கும் அப்படித்தான். பெரிய பக்கத்துக்குப் பொருந்துகிற கப் எடுத்து, சின்ன பக்கத்து ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளுங்கள். இதுவரை இல்லாமல் புதிதாக ஒரு பக்கம் மட்டும் அளவு மாறினால், கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பில் கசிவு வந்தால் கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

எப்போது அளப்பது நல்லது?

மாதவிலக்குக்கு முந்தைய வாரம் பலருக்கு மார்பு கனத்து வீங்கும். அப்போது வேண்டாம். விலக்கு முடிந்த அடுத்த வாரம் அளந்தால் உண்மையான அளவு தெரியும். எடை ஏறினாலோ இறங்கினாலோ மறுபடி அளக்க வேண்டும். மற்றபடி வருடத்துக்கு ஒரு முறை.

மகளுக்குப் பத்து வயது. எப்போது, என்ன வாங்குவது?

எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் மார்பு அரும்பத் தொடங்கும். ஒரு பக்கம் முதலில் வந்து, தொட்டால் வலிக்கும். கட்டியோ என்று பயந்து ஓடி வரும் அம்மாக்கள் உண்டு, அது இயல்புதான். அந்த நேரத்துக்கு ஷிம்மி அல்லது கொக்கி இல்லாத பிகினர்ஸ் பிரா போதும். எண், எழுத்து எல்லாம் பிறகு. அவளே கண்ணாடி முன் அளந்துகொள்ளச் சொல்லிக் கொடுங்கள், அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒரே தடவையில் அரை டஜன் வாங்கி அடுக்காதீர்கள்.

மாசமாக இருக்கிறேன். ஃபீடிங் பிரா எந்த சைஸ்?

எட்டாம் மாதத்துக்குப் பிறகு அளந்து ஒன்றோ இரண்டோ மட்டும் வாங்குங்கள். இப்போது விலாவும் விரிந்திருக்கும், அதனால் கடைசி வரிசைக் கொக்கியில் பொருந்துவதாகப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் விலா சுருங்கும்போது உள் வரிசைக்குப் போகலாம். கப் மட்டும் கொஞ்சம் தாராளமாக இருக்கட்டும், குழந்தை பிறந்து மூன்று நான்கு நாளில் பால் இறங்கும்போது மார்பு இன்னும் பெரிதாகும். கம்பி வைத்ததும் இறுக்கமானதும் வேண்டாம், ஒரே இடத்தில் அழுத்தி அழுத்திப் பால் கட்டிக்கொள்ளும். மிச்சத்தை ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து வாங்கிக்கொள்ளலாம்.

இறுக்கமான பிரா, ராத்திரி போடுவது, கம்பி, இதெல்லாம் கேன்சர் கொண்டுவருமா?

வராது. அமெரிக்காவின் சியாட்டிலில் மாதவிலக்கு நின்ற பெண்களிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், எத்தனை மணி நேரம் போட்டார்கள், கம்பி வைத்ததா, எந்தக் கப் என்றெல்லாம் பார்த்தும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. ராத்திரி போடுவதும் கழற்றுவதும் உங்கள் சௌகரியம். ஆனால் வியர்வையோடு இறுக்கிக் கிடந்தால் மார்புக்கு அடியில் அரிப்பும் பூஞ்சைப் படையும் வரும், அதுவும் நம் ஊர்ச் சித்திரை வைகாசியில்.

சரியான சைஸ்தான் வாங்கினேன். மூன்றே மாதத்தில் தளர்ந்துவிட்டது.

எப்படித் துவைக்கிறீர்கள்? சுடுதண்ணீர், மெஷின், முறுக்கிப் பிழிவது, மூன்றுமே எலாஸ்டிக்கைக் கொல்லும். கையால் அலசி, அமுக்கித் தண்ணீரை எடுத்து, நிழலில் காற்றோட்டமாகப் போடுங்கள். துண்டுக்கு அடியில், புடவை மடிப்புக்குள் ஒளித்துக் காயப்போடும் நம் வழக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதில் பாதி ஈரத்தோடுதான் மறுநாள் எடுத்துப் போடுகிறோம். குறைந்தது மூன்றாவது வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டால் எலாஸ்டிக்குக்கும் ஓய்வு கிடைக்கும். உள் வரிசைக் கொக்கியில் மாட்டியும் பட்டி ஏறினால் அதன் ஆயுள் முடிந்தது.

சரியான சைஸ் போட ஆரம்பித்ததும் பழைய ஜாக்கெட் எதுவும் பொருந்தவில்லை. ஏன்?

மார்பு இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்துவிட்டது. ஜாக்கெட்டில் டெய்லர் பிடித்திருக்கும் டாட்டின் முனை பழைய இடத்தில், ஒரு இஞ்சு கீழே நிற்கும். அதனால் மேலே இழுத்துப் பிடிக்கும், கீழே துணி தொளதொளக்கும். பிரிக்க உள்ளே துணி விட்டிருந்தால் டாட்டைப் பிரித்து மேலே ஏற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாகத் தைக்கக் கொடுக்கும்போது பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வராமல், அந்த ஜாக்கெட்டுக்கு உள்ளே போடப்போகும் பிராவையே போட்டுக்கொண்டு போய் நேரில் அளவு கொடுங்கள். என் நாத்தனார் ஏழு ஜாக்கெட்டைப் பிரிக்கக் கொடுத்தார். டெய்லர் திருப்பிக் கேட்டாராம்: "என்னக்கா, புதுசா ஏதாவது ஜிம்முக்குப் போறீங்களா?"